ஒரு பலகையில் ஐந்து மின்வழிகள்

தோட்டக் கிணற்று மோட்டரைத் தொலைபேசி அழைப்பால் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். மல்லாவியில் இதன் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வவுனிக்குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகும். மேட்டுக்காணியில் நிற்கிற கச்சானுக்கும் மிளகாய்க்கும் கிணறும் மோட்டரும்தான். காணி வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் மோட்டரைப் போட ஒரு தரம், நிறுத்த இன்னொரு தரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். இடையில் கரண்ட் போய்விட்டால் அந்தப் பயணமும் வீண். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிற பிள்ளைகளுக்கும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் இருக்கிறவர்களுக்கும் செயற்றிட்டமாகச் செய்ய ஏற்ற விடயம் இது.

பெட்டிக்குள் வருகிறவை அதிகமில்லை. அர்டுயினோ ஊனோவில் இருக்கிற அதே அட்மெகா328பி ஐசி, சிம் அட்டை போடுகிற சிம்800எல் மொடியூல், கிணற்று நீர்மட்டத்தை அளக்கிற ஒரு சென்சர், ஒரு ரிலே. அந்த ரிலே மோட்டரை நேரே இயக்காது. மோட்டரின் கொன்ராக்டரை இயக்கும். சாமான் இவ்வளவுதான். ஆனால் இவை குடிக்கிற மின்சாரத்தை எண்ணிப் பாருங்கள். சோலரால் சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து 12 வோல்ட். ஐசிக்கும் ரிலேக்கும் 5 வோல்ட். சிம்800எல்லுக்கு 5 கூடாது, 3.3 போதாது, அதற்கு 3.4 தொடக்கம் 4.4 வரை வேண்டும், 4 என்றால் நல்லது. அட்மெகாவுக்குள் சென்சரை வாசிக்கிற பகுதிக்குத் தனி மின்கால் உண்டு, அதற்குச் சுத்தமான 5 வோல்ட். கடைசியாக, ரிலேயின் மறுபக்கம் வருகிற 230 வோல்ட். உள்ளங்கை அளவுப் பலகையில் ஐந்து மின்வழிகள்.

இவற்றைக் கணினியில் வரையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கீகாட் என்ற இலவச மென்பொருளை வைத்தே சொல்கிறேன். பிரான்சில் ஜோன் பியர் சராஸ் 1992 இல் தொடங்கிய வேலை அது. 2013 முதல் சேர்ன் ஆய்வுகூடமும் அதற்குக் கை கொடுத்தது. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் நின்றுபோனால் பிள்ளைகளின் படங்கள் அனைத்தும் அந்தரத்தில் நிற்கும். பலர் பழகிய ஈகிள் மென்பொருளை 2026 ஜூன் 7 உடன் நிறுத்துவதாக ஓட்டோடெஸ்க் நிறுவனம் 2023 இலேயே அறிவித்துவிட்டது. புதிதாகப் பழகுகிறவர் கீகாட்டில் தொடங்குவதே புத்தி என்பது என் எண்ணம்.

சுற்றுப்படத்தில் மின்வழிகளுக்கு ஒருவரும் கோடு இழுத்து முடிப்பதில்லை. பத்து இடத்துக்கு 5 வோல்ட் போக வேண்டுமென்றால் பத்து இடத்திலும் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறியை வைத்து விடுவோம். அதில் ‘+5 வோல்ட்’ என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இணைப்பு உண்டு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும், தாள் வேறாக இருந்தாலும். இப்படி ஒன்றாய்ச் சேர்ந்த கால்களின் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். மின்வழியைப் பொறுத்தவரை பெயரே கம்பி.

‘அப்ப சேர், 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் முட்டினால் அது சொல்லாதோ?’ என்று கேட்பீர்கள். சொல்லும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 12 என்றால் எவ்வளவு, 5 என்றால் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. ஒரே கோட்டில் இரண்டு பெயர் கண்டால், இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு பெயரை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். விட்டதை எச்சரிக்கையாக ஒரு வரியில் சொல்லும். பிழை என்று நிறுத்தி வைக்காது. எச்சரிக்கை நாற்பது கிடக்கிற பட்டியலில் அந்த வரியை வாசிக்கிறவர் குறைவு. முழு ஐசியையும் எரிக்கக்கூடிய வரி அது.

எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது: சேர வேண்டியவை சேராமல் போவது. ஐசியின் மின்காலுக்கு மென்பொருளின் சாமான் நூலகத்தில் வைத்த பெயர் வீசீசீ, நீங்கள் பலகையில் வைத்த குறி +5 வோல்ட் என்றால், கோடு போட்டு இணைக்காத வரைக்கும் இரண்டும் இரண்டுதான். பழைய நூலகங்களில் இது இன்னும் மோசம். 14 கால் உள்ள 74 வரிசை ஐசிகளில் பெரும்பாலும் 14 ஆம் காலும் 7 ஆம் காலும் மின்சாரத்துக்கு. படம் நெரிசலாகும் என்று அந்தக் கால்களை மறைத்து வைப்பார்கள். மறைந்த கால் தன் பெயருடைய நெட்டோடு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பலகையில் ஒரே மின்வழி இருந்த காலத்துக்கு அது வசதி. 5 வோல்ட்டும் 4 வோல்ட்டும் அருகருகே இருக்கிற இன்றைய பலகையில் அது பொறி.

எங்கள் பிள்ளைகளில் பலர் முதலில் புரோட்டியஸில் சிமுலேசன் ஓட்டிப் பழகியவர்கள் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மைக்ரோகொன்ட்ரோலரின் மின்கால்கள் கண்ணுக்கே தெரியாது. வீசீசீ, வீடிடி என்ற இரண்டு மின்பெயரும் ஒரே 5 வோல்ட் என்று மென்பொருளே எடுத்துக்கொண்டு ஐசியை ஓட வைக்கும். ஒரு மின்கம்பியும் போடாமல் எல்ஈடி மின்னுகிறது. சிமுலேசனுக்கு அது சரி. அதே படத்தைப் பலகையாக்கும்போது, மறைந்த கால்கள் எந்த நெட்டில் நிற்கின்றன என்று மின்வழி அமைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தே தீர வேண்டும். கீகாட்டில் இப்போதைய நூலகங்கள் 74 வரிசை ஐசிகள் பலவற்றின் மின்கால்களைத் தனி அலகாகப் பிரித்து வெளியே வைக்கின்றன. அந்த அலகையும் தாளில் வைத்து, கோடு போட்டு இணையுங்கள். படம் கொஞ்சம் பெருக்கும். பெருக்கட்டும்.

பெயர் வைக்கிற விதத்தில் பாதி வேலை முடிந்துவிடும். ‘வீசீசீ’ என்ற பெயரை இந்தப் பலகையில் எங்கும் வைக்க வேண்டாம் என்பேன். அது எத்தனை வோல்ட், எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பெயர் சொல்லாது. ‘+12 பற்றரி’, ‘+4 சிம்’, ‘+5’, ‘+5 அனலொக்’ என்று அளவும் இடமும் தெரிகிற மாதிரி வையுங்கள். பற்றரியிலிருந்து ஃபியூஸ் வரை ஒரு பெயர், ஃபியூஸைத் தாண்டியதும் வேறு பெயர். ஃபியூஸ் இரண்டையும் பிரிக்கிறது. பெயரும் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் ஃபியூஸைச் சுற்றி ஒரு செப்புக்கோடு போய்விடும், ஃபியூஸ் சும்மா இருக்கும். இன்னுமொன்று: கீகாட்டின் பழைய பதிப்புகளில் மின்குறியின் மேல் தெரிகிற எழுத்தை மாற்றினால் நெட்டின் பெயர் மாறாது, உள்ளே மறைந்திருக்கிற காலின் பெயர்தான் கணக்கு. திரையில் +4 என்று தெரியும், உள்ளே +5 இல் நிற்கும். புதிய பதிப்புகளில் தெரிகிற எழுத்தே கணக்கு. உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது தான் எல்லாரும் தலையைச் சொறிகிற இடம்.

படம் முடிந்து மின்விதிச் சோதனையை அழுத்தினால் கீகாட் முறையிடும்: மின்சாரம் வாங்குகிற கால் இருக்கிறது, அதற்கு மின்சாரம் தருகிற கால் ஒன்றையும் காணவில்லை. பற்றரியைக் கோடு போட்டு இணைத்தாயிற்றே, பிறகு என்ன என்று எரிச்சல் வரும். காரணம் எளிது. நூலகத்தில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு குணம் எழுதப்பட்டிருக்கிறது: மின்சாரம் வாங்குவது, தருவது, இரண்டும் இல்லாமல் சும்மா கடத்துவது. 5 வோல்ட் ரெகுலேற்றரின் வெளிக்காலுக்குத் ‘தருவது’ என்று எழுதியிருக்கும். அதனால் +5 நெட்டில் முறைப்பாடு இல்லை. பற்றரி வயர் வந்து செருகுகிற கனெக்டரோ வெறும் கடத்தி. அதற்கு அப்பால் பற்றரி இருக்கிறதா, ஒன்றும் இல்லையா என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. ஃபியூஸும், சென்சர் பகுதிக்கு மின்சாரம் போகிற வழியில் வைக்கிற தூண்டிச்சுருளும் அப்படித்தான். அவற்றைத் தாண்டியதும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அது மறந்துவிடும்.

இதற்கு மருந்து பவர் பிளாக் என்ற குறி. ‘இந்த நெட்டுக்கு மின்சாரம் வருகிறது, நான் சாட்சி’ என்று நீங்கள் கையெழுத்து வைக்கிற மாதிரி. அது பலகையில் ஒரு சாமானாக வராது. பிழையெல்லாம் மறையும் வரை கண்ட கண்ட நெட்டில் இந்தக் குறியை ஒட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். ஒட்டினால் உண்மையிலேயே மின்சாரம் போய்ச் சேராத நெட்டும் சத்தம் போடாமல் படுத்துவிடும். மின்சாரம் உண்மையில் நுழைகிற இடத்தில் மட்டும் வையுங்கள்: பற்றரி கனெக்டர், ஃபியூஸின் மறுபக்கம், தூண்டிச்சுருளின் மறுபக்கம், பற்றரியின் கிரவுண்ட். இந்தப் பலகைக்கு அவ்வளவு போதும். மற்ற நெட் ஏதாவது முறையிட்டால் அங்கே உண்மையாகவே கோளாறு இருக்கிறது.

இன்னொரு முறைப்பாட்டை ஒருபோதும் மூடி மறைக்கக் கூடாது: மின்சாரம் தருகிற இரண்டு கால்கள் ஒன்றாக இணைந்திருக்கின்றன என்பது. போர்க்காலத்தில் தேசிய மின்கம்பி இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு எந்த வெளிச்சம் எந்த இடத்து மின்சாரம் என்பது கையால் தெரியும். இன்று கடையில் ஜெனரேற்றர் வைத்திருக்கிறவருக்கும் தெரியும்: கம்பத்திலிருந்து வருகிற கம்பியையும் ஜெனரேற்றரையும் ஒரே வயரில் கொடுக்க முடியாது, நடுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்த நொடியில் ஜெனரேற்றர் போகும். கரண்ட் நின்ற நேரத்தில் கம்பத்தில் ஏறி நிற்கிறவரின் உயிர் போகும். பலகையில் யூஎஸ்பி வாயிலும் வைத்து, அதன் 5 வோல்ட்டும் ரெகுலேற்றரின் 5 வோல்ட்டும் ஒரே அளவு என்பதற்காக ஒரே பெயர் வைத்தால் அதுதான் நடக்கிறது. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்து, நடுவில் டயோட்டோ சுவிட்சோ போட வேண்டும்.

சேரக்கூடாத இரண்டைச் சேர்ப்பது மாணவர் வேலையில் மட்டும் வருகிற பிழை என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 ஐப் பாருங்கள். அதன் யூஎஸ்பி-சி மின்வாயிலில் சிசி1, சிசி2 என்று இரண்டு கால்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக 5.1 கிலோஓம் தடையியால் கிரவுண்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்தப் பலகையில் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே தடையியைப் போட்டுவிட்டார்கள். சாதாரண வயரில் வேலை செய்தது. உள்ளே அடையாளச் சிப் உள்ள விலைகூடிய வயரைச் செருகினால், மறுமுனையில் இருப்பது காதில் மாட்டுகிற ஏதோ ஒலிக்கருவி என்று சார்ஜர் நினைத்து மின்சாரமே தரவில்லை. நிறுவனர்களில் ஒருவரான எபன் அப்டன் பிழையை ஒப்புக்கொண்டார், 1.2 ஆம் திருத்தப் பலகையில் சரிசெய்தார்கள். உலகம் முழுக்க விற்ற பலகையில் ஒரு தடையி குறைந்த கதை. சுற்றுப்படத்தில் அது இரண்டு நெட் ஒரு நெட்டாய்ப் போன கதை.

இனிப் படத்திலிருந்து பலகைக்கு வருவோம். இங்கே பெயர் மட்டும் போதாது, அகலம் வேண்டும். சிம்800எல்லை எடுத்துச் செய்தவர்களிடம் கேட்டால் ஒரே முறைப்பாடு: சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது, அழைப்பு வந்ததும் தானாக நின்று மறுபடி தொடங்குகிறது. மொடியூலைத் திட்டுவார்கள், கோபுரத்தைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி 4 வோல்ட் செப்புக்கோடு.

ஜிஎஸ்எம் தொலைபேசி தொடர்ந்து பேசுவதில்லை. 4.615 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை, 577 மைக்ரோசெக்கன் நேரம் மட்டும், வெடிப்பாய் அனுப்பும். தொலைபேசியை வானொலிக்குப் பக்கத்தில் வைத்தால் அழைப்பு வர முன்னம் ‘ட்ர்ர்ர்’ என்று கேட்குமே, அது செக்கனுக்கு 217 தரம் நடக்கிற இந்த வெடிப்புத்தான். ஒவ்வொரு வெடிப்பிலும் சிம்800எல் 2 அம்பியர் வரை இழுக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். வழக்கமான பலகையில் செப்பின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர். அந்தத் தடிப்பில் ஒரு சதுரத் துண்டுக்கு, அது எவ்வளவு பெரிய சதுரமாக இருந்தாலும், ஏறத்தாழ 0.5 மில்லிஓம் தடை. மென்பொருள் தானாகத் தருகிற கோடு 0.2, 0.25 மில்லிமீற்றர் அகலம் தான் இருக்கும். 0.25 அகலத்தில் 10 சென்ரிமீற்றர் ஓடினால் அது 400 சதுரம், 0.2 ஓம். 2 அம்பியர் போனால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிரவுண்டும் அதே மாதிரி மெல்லிய கோடாகத் திரும்பினால் இன்னொரு 0.4. நீங்கள் கொடுத்த 4 வோல்ட் மொடியூலுக்குப் போய்ச் சேரும்போது 3.2. அதற்குக் குறைந்தது 3.4 வேண்டும். நிற்காமல் என்ன செய்யும்?

அதே கோட்டை 2 மில்லிமீற்றர் ஆக்கினால் 50 சதுரம், 0.025 ஓம், இழப்பு 0.05 வோல்ட். கிரவுண்டைக் கோடாக இழுக்காமல் பலகையின் அடிப்பக்கம் முழுக்கச் செப்பாக விரித்துவிட்டால் திரும்புகிற வழியில் இழப்பு அநேகமாக இல்லை. பெரிய கொள்ளளவி ஒன்றைப் போட்டால் தீருமே என்பார்கள். 1000 மைக்ரோபரட் கொள்ளளவி மட்டும் ஒரு வெடிப்பைத் தாங்கினால் அதன் வோல்ட் 1.15 விழும். அது உதவிக்கு வேண்டும், மொடியூலின் காலுக்குப் பக்கத்திலேயே வேண்டும். அகலமான கோட்டுக்கு அது பதிலாகாது.

இங்கேதான் மின்வழிகளுக்குத் தனிப்பெயர் வைத்ததன் பலன் கிடைக்கிறது. கீகாட்டில் நெட்களை வகுப்புகளாகப் பிரித்து, ‘+4 சிம்’ வகுப்புக்கு 2 மில்லிமீற்றர், ‘+12 பற்றரி’க்கு இவ்வளவு, சமிக்ஞைகளுக்கு 0.25 என்று ஒருமுறை எழுதிவைத்தால், கோடு இழுக்கும்போது அகலம் தானாக வரும். எல்லாவற்றுக்கும் வீசீசீ என்று பெயர் வைத்திருந்தால் எதை அகலமாக்குவது, எதை விடுவது?

அட்மெகாவின் சென்சர் பகுதி சின்ன விடயம். 28 கால் ஐசியில் 7 ஆம் கால் வீசீசீ, 20 ஆம் கால் ஏவீசீசீ. சென்சர் வாசிக்காவிட்டாலும் 20 ஆம் காலைச் சும்மா விடக்கூடாது. இரண்டுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமும் கூடாது. +5 இலிருந்து 10 மைக்ரோஹென்றி தூண்டிச்சுருள் வழியாகக் கொடுத்து, காலடியில் 100 நானோபரட் கொள்ளளவி வையுங்கள். நீர்மட்ட அளவு துள்ளாமல் நிற்கும்.

கிரவுண்டையும் இதே மாதிரி இரண்டாகப் பிரிக்க வேண்டுமா? பல புத்தகங்கள் அனலொக் கிரவுண்ட் வேறு, டிஜிற்றல் கிரவுண்ட் வேறு என்று வரையச் சொல்கின்றன. இந்த அளவுப் பலகையில் பிரிக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பிரித்த கிரவுண்டின் இடைவெளிக்கு மேலாக ஒரு சமிக்ஞைக் கோடு போய்விட்டால் பிரிக்காமல் விட்டதைவிட இரைச்சல் கூடும். ஒரே செப்பு விரிப்பு, சிம்800எல் ஒரு மூலையில், சென்சர் எதிர் மூலையில், அதுவே பிரிவு. பிரித்தே ஆக வேண்டிய பலகை வந்தால், இரண்டு கிரவுண்டையும் வெறும் கோட்டால் தொடுக்காதீர்கள். தொடுத்த உடனே இரண்டும் ஒரு பெயராகிவிடும். நெட் டை என்ற தனிச் சாமான் குறி நூலகத்தில் இருக்கிறது. பலகையில் அது செப்புத்துண்டு, மென்பொருளுக்கு இரண்டு காலுள்ள சாமான். இரண்டு பெயரும் பிழைத்திருக்கும், நீங்கள் சொன்ன ஒரே இடத்தில் மட்டும் சேரும்.

மின்வழிகள் பெயரால் பிரிந்திருந்தாலும் சமிக்ஞைக் கம்பி வழியாகக் கசிகிறதையும் மறக்கக் கூடாது. சிம்800எல்லின் சமிக்ஞைக் கால்கள் 2.8 வோல்ட்டுக்கானவை, அட்மெகா 5 வோல்ட்டில் பேசும். நேரே இணைத்தால் மொடியூலின் மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்தக் காலின் வழியாக அரைகுறையாக உயிரோடு கிடக்கும், பிறகு ஒழுங்காகத் தொடங்காது. இரண்டு தடையியால் பிரித்துக் குறைத்து அனுப்புங்கள். இதை எந்த விதிச் சோதனையும் சொல்லித் தராது.

கடைசியாக 230. உயிர்க்கம்பிக்கும் நொதுமல் கம்பிக்கும் பெயர் வையுங்கள், தனி வகுப்பு கொடுங்கள், அந்த வகுப்புக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் இடைவெளி 6 மில்லிமீற்றருக்குக் குறையாது என்று விதி எழுதுங்கள். பிறகு மென்பொருளே காவல் நிற்கும். கிரவுண்ட் விரிப்பும் அந்தப் பக்கம் போகாது. கடைகளில் கிடைக்கிற நீலநிறச் சின்ன ரிலேயில் 230 வருகிற நடுக்கால் கொயிலின் இரண்டு கால்களுக்கும் இடையில் நிற்கிறது. அங்கே இடைவெளி பிடிக்காவிட்டால் பலகையையே கீறி ஒரு வெட்டு விட வேண்டும், அல்லது வேறு ரிலே எடுக்க வேண்டும். மாரி தொடங்கினால் மோட்டர்ப் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடிவரும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு முட்டி முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். உங்கள் பலகைக்கு ஒரு பல்லி போதும்.

பலகையைச் சீனாவில் அடிக்கக் கொடுத்தால் விலை பெரிதில்லை. வந்துசேர எடுக்கிற நாள்தான் விலை. ஆகவே கோப்பை அனுப்ப முன்னம் ஒவ்வொரு மின்நெட்டையும் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து திரையில் ஒளிரவையுங்கள். ஒளிர்கிற கால்களைத் தாளில் எழுதி, ஐசியின் தரவுத்தாளோடு ஒப்பிடுங்கள். ஐந்து மின்வழிகள், அரை மணித்தியாலம். பலகை வந்ததும் ஐசியைப் பூட்ட முன்னம் மீற்றரால் மின்வழிகளுக்கு இடையில் தடையைப் பாருங்கள். பிறகு ரெகுலேற்றர்களை மட்டும் பூட்டி 12 வோல்ட் கொடுத்து 5 உம் 4 உம் சரியாக வருகின்றனவா என்று அளந்து பாருங்கள். சிம்800எல்லை அதற்குப் பிறகு வையுங்கள். 230 வோல்ட் கம்பியை எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு, கடைசியாகத் தொடுங்கள்.